மாடல் கட்டுவதற்கு ரோட்டரி டூல்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சோதிப்பது

ரோட்டரி டூல் என்பது நுனியில் மாட்டிய சிறு பிட்டை வேகமாகச் சுழற்றி வெட்ட, துளைக்க, தேய்க்க உதவும் கைமெஷின். அதன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 35,000 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருக்கும். அதன் பக்கத்தில் வாட் கணக்கு. கீழே, நூற்றுக்கும் மேல் பிட்கள் சேர்த்துத் தருவதாக ஒரு வரி. பிளாஸ்டிக் கிட், மரக் கப்பல், பால்சா (லேசான மரம்) விமானம், ரயில் மாடல் என்று எதைக் கட்டுபவருக்கும் இந்த மூன்றும் இரண்டாம்பட்சம்தான். முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. மெஷின் எவ்வளவு மெதுவாக, அதுவும் அழுத்தம் கொடுத்த பிறகும் நிற்காமல், சுற்றும்? சுற்றும்போது பிட்டின் நுனி ஒரே புள்ளியில் நிற்கிறதா, ஆடுகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் 40 வாட் மெஷினில் அருமையாக வேலை செய்யலாம். இரண்டும் தப்பினால் 175 வாட் இருந்தும் பாகம் உருகும், துளை அகலும், பிட் உடையும்.

கடைகளில் ‘ட்ரெமல்’ என்றாலே ரோட்டரி டூல் என்று புரிந்துகொள்வார்கள். அது 1932இல் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் ட்ரெமல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர், 1993 முதல் பாஷ் குழுமத்தில் இருக்கிறது. ஆகவே ‘ட்ரெமல் இருக்கா’ என்று கேட்டால் கடைக்காரர் எந்த பிராண்டை எடுத்து நீட்டினாலும் ஆச்சரியமில்லை. மாடல் எண், குறைந்தபட்ச வேகம், காலெட் (பிட்டைக் கவ்வும் குழல்) அளவு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

படி 1: என்ன வேலைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் அடுத்த ஆறு மாதத்தில் செய்யப்போகும் வேலைகளை மட்டும் எழுதுங்கள். 1/35 டாங்கியின் மட்கார்டு ஓரத்தை மெலிதாக்குவது, பீரங்கிக் குழாயின் வாயைத் துளைப்பது, ரெசின் பாகத்தின் அடிக்கட்டையை வெட்டுவது, விமான மாடலின் சக்கரக் காலுக்குப் பியானோ கம்பி (கடினமான எஃகுக் கம்பி) நறுக்குவது, ரயில் தண்டவாளத்தில் இடைவெளி வெட்டுவது, 3டி பிரிண்ட் பாகத்தைச் சீவுவது. இப்படி எழுதும்போதே ஒன்று தெரிந்துவிடும்: பிளாஸ்டிக், ரெசின், பிரிண்ட் வேலைகளுக்குக் குறைந்த வேகமும் கைக்கு அடங்கும் உருவமும் வேண்டும். கம்பி, தண்டவாளம், பித்தளைக் குழாய்க்கு வேகமும் பலமும் வேண்டும். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அதற்கேற்ப மெஷினை எடுங்கள். இரண்டையும் ஒரே மெஷினில் செய்ய முடியும். ஆனால் ஒரு பக்கத்தில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ரோட்டரி டூல் தேவையே இல்லாத வேலைகளையும் அந்தத் தாளில் அடித்துவிடுங்கள். 1 மி.மீ.க்குக் குறைந்த துளைகளைப் பிளாஸ்டிக்கில் போட, கையால் திருகும் பின் வைஸ் போதும். அதுதான் சிறந்ததும்கூட. பிளாஸ்டிக் பாகத்தை இரண்டாக வெட்ட வேண்டுமென்றால் ரேசர் ரம்பத்தை எடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது: 0.6 மி.மீ. கனமுள்ள கட்டிங் டிஸ்க், வெட்டிய இடத்தில் குறைந்தது அதே அளவு பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். 1/72 அளவில் 0.6 மி.மீ. என்பது நிஜத்தில் 43 மி.மீ. விமானத்தின் வாலை வெட்டித் திரும்ப ஒட்டினால் அந்த நான்கு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். புட்டியால் அடைக்கலாம், ஆனால் பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் கோடுகள்) சேராது.

படி 2: குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்கள்

கிட்களில் வரும் பாலிஸ்டைரின் (சுருக்கமாக ஸ்டைரின்) ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். ஏ.பி.எஸ். அதற்குச் சற்று மேலே. 3டி பிரிண்ட்டில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே இளகிவிடும். பிளாஸ்டிக் வெப்பத்தை வெளியே கடத்தாது. ஆகவே உராய்வில் பிறக்கும் சூடெல்லாம் பர் (சீவும் தலை உள்ள சிறு பிட்) தொடும் அந்த ஒரு புள்ளியிலேயே தேங்கும். ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றால் போதும், வெட்டுவது நின்று உருகுவது தொடங்கிவிடும்.

வெட்டுகிறதா உருகுகிறதா என்பதைக் கழிவைப் பார்த்தே சொல்லிவிடலாம். சரியாக வெட்டினால் ரவை போலவோ மாவு போலவோ உதிரும். விரலால் தட்டினால் பறக்கும். வேகம் கூடினால் உதிர்வது நின்று, நூல் நூலாக இழுபட்டு, பர் கழுத்தில் சுருண்டு, வெட்டிய ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு கட்டும். அந்த மேடு ஆறியதும் கெட்டிப்பட்டுப் பாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். சத்தமும் மாறும்: கரகரவென்றிருந்தது வழுவழுவென்று மங்கிவிடும். காதும் கண்ணும் இதைப் பிடித்துவிட்டால் வேக எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

பிளாஸ்டிக்குக்கு 5,000 ஆர்.பி.எம் அல்லது அதற்குக் கீழே இறங்கும் மெஷின் வேண்டும். இங்கேதான் மாடல் எண்ணைக் கவனிக்க வேண்டும். ட்ரெமல் 3000இன் 230 வோல்ட் வடிவம் 10,000 முதல் 33,000 வரை ஓடும், 10,000க்குக் கீழே போகாது. அதே நிறுவனத்தின் 4000, 4300 இரண்டும் 5,000 முதல் 35,000 வரை. சார்ஜ் போட்டு ஓட்டும் 3.6 வோல்ட் ட்ரெமல் லைட் 8,000 முதல் 25,000 வரை. ப்ராக்ஸான் மைக்ரோமாட் 50/ஈ 5,000 முதல் 20,000 வரை. உலோக வேலைக்கு 3000 நல்ல மெஷின்தான். பிளாஸ்டிக் கிட்டே பிரதானம் என்றால் அது பொருந்தாது, 1 மி.மீ., 2 மி.மீ. என்று சிறிய பர்களோடு மட்டும் சமாளிக்கலாம்.

ஏன் சிறிய பர்? பொருளைத் தேய்ப்பது ஆர்.பி.எம் அல்ல, பர்ரின் விளிம்பு ஒரு நிமிடத்தில் கடக்கும் தூரம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, அதை ஆர்.பி.எம்மால் பெருக்கினால் அந்தத் தூரம் வரும். 3 மி.மீ. பர் 5,000இல் நிமிடத்துக்கு 47 மீட்டர் ஓடும். 13 மி.மீ. சாண்டிங் டிரம் அதே 5,000இல் 204 மீட்டர் ஓடும். அதாவது, பெரிய டிரம்மை மெஷினின் மிகக் குறைந்த வேகத்தில் வைத்தாலும், 3 மி.மீ. பர்ரை 20,000இல் வைத்ததைவிட வேகமாகத் தேய்க்கும். ‘குறைந்த வேகத்தில்தானே வைத்தேன், ஏன் உருகியது’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் பதில் இதுதான். ஸ்டைரினுக்கு 13 மி.மீ. டிரம் வேண்டவே வேண்டாம்.

படி 3: எந்த வகை மெஷின்

நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் மெஷின்களில் இருப்பது மிக்ஸியில் உள்ள அதே வகை யுனிவர்சல் மோட்டார். வேகத்தில் இருக்கும்போது பலசாலி. குறைந்த வேகத்தில் அழுத்தினால் தளர்ந்துவிடும். கையை எடுத்ததும் சட்டென்று வேகம் ஏறும். ட்ரெமல் 4000 போன்றவற்றில் மின்னணு ஃபீட்பேக் உண்டு: லோடு ஏறியதும் கூடுதல் மின்சாரம் கொடுத்து வேகத்தைத் தக்கவைக்கும். யுனிவர்சல் மோட்டார் மெஷின் வாங்குவதானால் ஃபீட்பேக் உள்ளதையே வாங்குங்கள். இதன் குறை எடை. அரைக் கிலோவைத் தாண்டும், கழுத்தும் பருமன். பேனா போலப் பிடித்து அரைமணி நேரம் நுணுக்க வேலை செய்தால் மணிக்கட்டு வலிக்கும். ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் (வளையும் நீளத் தண்டு) சேர்த்து, மெஷினை ஸ்டாண்டில் தொங்கவிட்டால் அந்தக் குறை தீரும்.

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய மெஷின்கள் அடுத்த வகை. இவற்றில் இருப்பது காந்தமுள்ள டி.சி. மோட்டார், குறைந்த வேகத்திலும் இழுவை அவ்வளவாகக் குறையாது. மைக்ரோமாட் 50/ஈ 40 வாட்தான், எடை கால் கிலோவுக்கும் குறைவு. பிளாஸ்டிக், ரெசின், பால்சா, மெல்லிய பித்தளை எல்லாவற்றுக்கும் போதும். 3 மி.மீ. பியானோ கம்பியை வெட்டச் சொன்னால் திணறும்.

மூன்றாவது வகையைக் கிட் கட்டுபவர்களில் பலர் யோசிப்பதே இல்லை. பல் செட் செய்யும் லேப்களிலும் நகம் அலங்கரிக்கும் கடைகளிலும் இருக்கும் மைக்ரோமோட்டார்: மேசை மேல் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் தடித்த பேனா போன்ற ஹேண்ட்பீஸ். மாரத்தான், ஸ்ட்ராங் போன்ற கொரியப் பெயர்களில் வருவது இந்த வகைதான். உச்ச வேகம் பெரும்பாலும் 35,000. ஆனால் குமிழைத் திருப்பினால் தவழும் வேகத்துக்கு இறங்கும், பெடல் வைத்துக் காலாலும் கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் ஹேண்ட்பீஸுக்குள்ளேயே இருக்கிறது, அதிர்வு மிகக் குறைவு. பிளாஸ்டிக்கும் ரெசினும்தான் வேலை என்றால் இதுவே முதல் தேர்வு. வரம்பு ஒன்றுண்டு: 2.35 மி.மீ. ஷாங்க் (பிட்டின் தண்டு) மட்டுமே பிடிக்கும், பெரிய கட்டிங் டிஸ்க்குக்கு இது ஏற்றதல்ல. இதே பெயர்களில் போலிகளும் உலவுகின்றன. ஹேண்ட்பீஸையும் கார்பன் பிரஷையும் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும், தேயும் கட்டை) தனியாக விற்கும் கடையிலேயே வாங்குங்கள்.

நகைப் பட்டறைகளில் ஆணியில் தொங்கும் மோட்டாரும் ஷாஃப்ட்டும் நான்காவது. அமெரிக்க ஃபோர்டம் இந்த வகையில் பெயர் பெற்றது. இழுவை அபாரம், காலால் வேகத்தை மாற்றலாம். உலோகத்தில் மாடல் செய்பவர்களுக்கு ஏற்றது. நிரந்தரமாக ஒரு மேசையும் தொங்கவிட ஒரு கம்பியும் வேண்டும்.

யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் பேனா வடிவ மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அச்சுக் கோட்டு மிச்சம் சீவ, ரெசின் முனை தேய்க்க ஆகும். நுனி ஆட்டம் பெரும்பாலானவற்றில் அதிகம். நுண்ணிய துளை போடுவதற்கு வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட் மெஷின். பிளக்கை மட்டும் மாற்றி நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் வேகம் எகிறி, சிறிது நேரத்திலேயே சுருள் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், அதன் வாட் அளவு மெஷினின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 12 வோல்ட் மெஷினோ சார்ஜ் மெஷினோ என்றால், அடாப்டரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 4: காலெட்டும் ஷாங்க்கும் பொருந்த வேண்டும்

பிட்டைக் கவ்வும் பிளவுபட்ட சிறு குழல்தான் காலெட். ட்ரெமல் வகைக்கு 3.2, 2.4, 1.6, 0.8 மி.மீ. என நான்கு அளவு. ப்ராக்ஸானுக்கு 1.0, 1.5, 2.0, 2.4, 3.0, 3.2 என ஆறு. பல் லேப் பர்களும் நகைப் பர்களும் 2.35 மி.மீ., இவை 2.4 காலெட்டில் நன்றாகவே நிற்கும். பல் மருத்துவர் வாயில் வைத்துக் கடையும் மெல்லிய பர்களின் ஷாங்க் 1.6 மி.மீ.

பணம் வீணாகும் இடம் 3 மி.மீ. ஷாங்க். மலிவு செட்களில் வரும் பர்கள் பலவும் 3 மி.மீ.தான், மெஷினோடு வரும் காலெட்டோ 3.2. முறுக்கினால் பிடிப்பது போலத் தெரியும். உண்மையில் காலெட்டின் வாய் மட்டுமே கவ்வுகிறது, உள்ளே ஷாங்க் சாய்ந்து நிற்கிறது. ஓட்டியதும் நுனி வட்டமடிக்கும், அழுத்தினால் பிட் நழுவும். 3.0 காலெட்டைத் தனியாக வாங்குங்கள், அல்லது அந்த பர்களை விட்டுவிடுங்கள். கடைக்குப் போகும்போது ஒரு டிஜிட்டல் வெர்னியர் கையில் இருக்கட்டும்.

சாவி இல்லாமல் கையாலேயே திருகும் மூன்று தாடை சக் ஒன்றும் கிடைக்கும், 0.8 முதல் 3.4 மி.மீ. வரை எதையும் பிடிக்கும். அடிக்கடி பிட் மாற்றுபவருக்கு வசதி. ஆனால் சரியான அளவு எஃகுக் காலெட் தரும் நேர்த்தியை அது தராது. துளை போடக் காலெட், சீவவும் தேய்க்கவும் சக் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

படி 5: கடையிலேயே சோதியுங்கள்

ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் இதைச் செய்துவிடுங்கள்.

1. பிளக்கைச் செருகாமல் காலெட் நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிறகு உள்ளும் வெளியும் இழுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் கையில் உணரும்படி எந்த அசைவும் இருக்கக் கூடாது. இருந்தால் பேரிங் சரியில்லை.

2. ஒரு ட்ரில் பிட்டைத் தலைகீழாக, வழுவழுப்பான ஷாங்க் வெளியே இருக்கும்படி மாட்டுங்கள். 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஓரம் கூர்மையான கோடாகத் தெரிந்தால் நேர். ஓரத்தில் சாம்பல் நிற நிழல் விழுந்தால் அந்த நிழலின் அகலமே ஆட்டம்.

3. வேகத்தைக் கீழிருந்து மேலே மெல்ல ஏற்றுங்கள். நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் கை கூசும் அளவுக்கு அதிர்ந்தால் சமநிலை சரியில்லை.

4. மறுபடி மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒரு கட்டைத் துண்டில் பர்ரை மிதமாக அழுத்துங்கள். நின்றுவிட்டால், பெட்டியில் போட்ட அந்தக் குறைந்தபட்ச வேகம் உங்களுக்குப் பயன்படாது.

5. இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓட்டி, மூக்குப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். வைத்திருக்க முடியாத சூடு என்றால் வேண்டாம்.

துளை வேலை அதிகம் செய்பவர்கள் ஆறாவதாக ஒன்றையும் செய்யலாம். 1 மி.மீ. பிட்டால் ஸ்டைரின் தகட்டில் ஒரு துளை போட்டு, அதே பிட்டைக் கழற்றி, அதன் பின்பக்கத்தை அந்தத் துளையில் நுழைத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்தால் நல்ல மெஷின். உள்ளே விழுந்து ஆடினால் துளை அகன்றிருக்கிறது என்று பொருள்.

படி 6: பிட்கள்

நூறு பிட் செட்டில் அடிக்கடி கையில் எடுப்பது பத்து இருக்கும். மற்றவை ஃபெல்ட் சக்கரங்கள், ஒரு தடவையில் உதிரும் கற்கள், மெல்லிய மாண்ட்ரல்கள் (டிஸ்க்கைத் திருகி மாட்டும் தண்டு). ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிட்களுக்கு வைத்துவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். தொடங்க இவை போதும்:

- 1, 2, 3 மி.மீ. உருண்டைத் தலை எஃகு பர் ஒவ்வொன்று
- 2 மி.மீ. உருளை வடிவ டங்ஸ்டன் கார்பைடு பர் ஒன்று
- கூம்பு வடிவ வைரப் பர், நைஸ் ரகம், ஒன்று
- 6.4 மி.மீ. சாண்டிங் டிரம், 120 கிரிட் (சொரசொரப்பு எண்) வளையம் பத்து, பால்சாவுக்கும் மரத்துக்கும்
- 24 மி.மீ. கட்டிங் டிஸ்க் பத்து, நல்ல மாண்ட்ரல் இரண்டு, உலோகத்துக்கு
- 22 மி.மீ. மெல்லிய வைர டிஸ்க் ஒன்று, ரெசின் கட்டை வெட்ட
- 1.0, 1.5, 2.0 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) ட்ரில் தலா இரண்டு

சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு ட்ரில்கள் 0.3 மி.மீ. முதல் கிடைக்கும், ஷாங்க் 3.2 காலெட்டில் அழகாக உட்காரும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கார்பைடு வளையாது, முறியும். கையில் பிடித்துத் துளைத்தால் முதல் துளையிலேயே போய்விடலாம். ட்ரில் ஸ்டாண்ட் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஸ்டைரினுக்கு வைரப் பர்ரை நம்ப வேண்டாம். வைரத் துகள்களுக்கு இடையே பிளாஸ்டிக் அப்பி அடைத்துவிடும். பல் உள்ள எஃகு, கார்பைடு பர்கள்தான் சீவும். வைரம் ரெசினுக்கும் உலோகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் வேலை, நிதானமாக

உதாரணத்துக்கு 1/35 டாங்கி மட்கார்டின் ஓரம். கிட்டில் அதன் கனம் ஏறக்குறைய 1 மி.மீ., அதாவது நிஜத்தில் 35 மி.மீ. கனத் தகடு. உண்மையான மட்கார்டு சில மில்லிமீட்டர் தகரம்தான். முழுப் பாகத்தையும் மெலிதாக்க முடியாது, தேவையுமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் உட்பக்கத்திலிருந்து சாய்வாகச் சீவி 0.3 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் போதும்.

உட்பக்க ஓரத்தில் 3 மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். எங்கே சீவியாகிவிட்டது, எங்கே பாக்கி என்று மை காட்டிக்கொடுக்கும். 2 மி.மீ. உருளை பர், 5,000 வேகம். பாகத்தை மேசை ஓரத்தில் பதித்து, மெஷின் பிடித்த கையின் சுண்டுவிரலை மேசையில் ஊன்றுங்கள். ஊன்றாத கை நிச்சயம் வழுக்கும். பர்ரின் நுனியால் குத்தாமல் பக்கத்தால் வருடுங்கள். பர் சுழலும் திசைக்கு எதிராக நகர்த்த வேண்டும். கூடவே நகர்த்தினால் பர் சக்கரம் போல ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஓடிவிடும், பாகத்தில் பள்ளம் விழும். ஒரு வீச்சு இரண்டு விநாடி, பிறகு தூக்கிவிடுங்கள். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் ஆறும்.

ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடம் வெளிச்சத்தை விடும், தடித்த இடம் இருட்டாகவே நிற்கும். ஓரம் முழுக்க ஒரே சீராக ஒளி ஊடுருவத் தொடங்கியதும் மெஷினை வைத்துவிடுங்கள். மிச்சம் 400, பிறகு 600 கிரிட் உப்புத்தாளில், தண்ணீர் தொட்டு, கையால். மெஷினாலேயே முடித்துவிட ஆசைப்பட்டால் கடைசி நொடியில் ஓட்டை விழும். ஆனால் நல்ல பாகத்தில் இறங்குவதற்கு முன், கிட் சட்டத்தின் மிச்சத் துண்டுகளில் ஒரு மணி நேரம் பழகியிருக்க வேண்டும்.

மற்றப் பொருள்களுக்குத் தொடக்க வேகம் சொல்வதானால்: ரெசின் 3 மி.மீ. பர்ரில் 8,000 முதல் 12,000. பி.எல்.ஏ. 5,000, முடிந்தால் இன்னும் கீழே. பால்சாவில் 6.4 மி.மீ. டிரம் 10,000 முதல் 15,000. பித்தளைக் குழாய் வெட்ட டிஸ்க் 15,000 முதல் 20,000. பியானோ கம்பி 20,000க்கு மேல். பித்தளை, எஃகுக் கம்பி பிரஷ்களுக்கு 15,000தான் உச்சம், தாண்டினால் இழைகள் ஊசி போலப் பறக்கும்.

பியானோ கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் பிளேயரின் வாயில்தான் பள்ளம் விழும், ஆகவே டிஸ்க் அவசியம். கம்பியை வைஸில் இறுக்கி, வெட்டி விழும் துண்டையும் இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். அது சூடாகவும் கூராகவும் பறக்கும். தண்டவாளத்தில் இடைவெளி வெட்டும்போது வெட்டும் இடத்தின் இரு பக்கமும் மரத்துண்டு வைத்து அண்டை கொடுங்கள். அண்டை இல்லையென்றால் தண்டவாளம் அதிர்ந்து டிஸ்க்கைக் கவ்வும், டிஸ்க் சிதறும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

பர் பல்லில் பிளாஸ்டிக் அப்பிக்கொண்டால் கத்தியால் சுரண்டாதீர்கள், பல் மழுங்கும். கழற்றி, பித்தளை பிரஷால் தேயுங்கள். போகாவிட்டால் அசிட்டோனில் ஊறவைத்தால் ஸ்டைரின் கரைந்துவிடும். அலுமினியம் அப்பாமல் இருக்க, ஓடும் பர்ரை முன்கூட்டியே மெழுகில் ஒருமுறை தொட்டு எடுங்கள்.

டிஸ்க் அடிக்கடி உடைகிறதா? பெரும்பாலும் வெட்டும்போது மணிக்கட்டு திரும்பியிருக்கும். டிஸ்க் தன் தளத்தில் மட்டுமே பலமானது. மைக்ரோமோட்டாரில் டிஸ்க் திருகு தானாகக் கழன்றால் திசை சுவிட்சைப் பாருங்கள். ரிவர்ஸில் ஓடினால் மாண்ட்ரல் திருகு அவிழும். திசையை மோட்டார் முழுதாக நின்ற பிறகே மாற்ற வேண்டும்.

துளை போடும் இடத்திலிருந்து பிட் வழுக்கிப் பாகத்தில் கோடு விழுந்தால், முதலில் ஊசியால் குழி குத்தவில்லை என்று அர்த்தம். பிட்டை நீளமாக வெளியே விடுவதும் காரணமாகலாம். ஷாங்க்கை உள்ளே முழுதாகத் தள்ளி, ஒரு மி.மீ. பின்னால் இழுத்து, பிறகு முறுக்குங்கள். நீண்ட, மெல்லிய ஷாங்க் அதிவேகத்தில் வளைந்தே போகும், முகத்துக்கு நேரே.

வேகம் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரில் மாட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஏற்கெனவே வேகக் குமிழ் உள்ள மெஷினில் மாட்டினால் உள்ளிருக்கும் சர்க்யூட் பழுதாகும். குமிழே இல்லாத பழைய மெஷினில் வேகம் இறங்கும், கூடவே இழுவையும் போய்விடும்.

கண், மூச்சு, உடை

டிஸ்க் எடுத்தால் பக்கங்களும் மூடிய கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. டிஸ்க் சுழலும் தளத்துக்கு நேர் கோட்டில் முகம் இருக்கக் கூடாது, சற்று விலகி உட்காருங்கள். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம் போட்டு, ஃபேனை அணைத்து, ஈரத் துணி விரித்த தட்டின் மேல் வேலை செய்யுங்கள். முடிந்ததும் ஈரத் துணியாலேயே துடைத்தெடுங்கள், ஊதாதீர்கள். துப்பட்டா, முந்தானை, கழுத்துச் சங்கிலி, நீளக் கூந்தல் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்குங்கள். நூல் கையுறை போடாதீர்கள், ஒரு இழை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

பராமரிப்பு

குறைந்த வேகத்தில் ஓட்டும்போது உள் விசிறியும் மெதுவாகவே சுற்றும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் லோடு இல்லாமல் வேகமாக ஓட்டி ஆறவிடுங்கள். பிட் இல்லாமல் காலெட்டை முறுக்கினால் அதன் வாய் சுருங்கிவிடும். ஓடும்போது ஷாஃப்ட் லாக் பட்டனை அழுத்தவே கூடாது. மைக்ரோமோட்டார் ஹேண்ட்பீஸைப் பர் இல்லாமலோ, பர்ரைப் பூட்டும் வளையம் திறந்த நிலையிலோ ஓட்டாதீர்கள்.

ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட்டை 15 செ.மீ. ஆரத்தைவிட இறுக்கமாக வளைத்தால் உள்கம்பி உறையில் உரசிச் சூடாகும். கை பிடிக்கும் இடத்தில் சூடு தெரிந்தால் வளைவைத்தான் முதலில் பாருங்கள்.

கார்பன் பிரஷ்களை 40–50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதையே திரும்பப் போடுவதானால் வளைந்த முகம் முன்பு இருந்த திசையிலேயே உட்கார வேண்டும், எடுக்கும்போதே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புதியதைப் போட்டபின் ஐந்து நிமிடம் லோடு கொடுக்காமல் ஓடவிடுங்கள். அதற்குள் பிரஷ் முகம் தேய்ந்து, அது உரசும் சுழல் உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தியிருக்கும், காற்றுத் துளை வழியே தெரியும் தீப்பொறியும் குறைந்திருக்கும்.